மறு: காம்பாட்டிபிலிட்டிக்கு தமிழ்ல என்ன போடலாம்? – ரீஃப் தொட்டி மீன்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

வீட்ல உப்புநீர் ரீஃப் தொட்டி (பவளமும் மீனும் சேத்து வளக்கற தொட்டி) வெக்கிறவங்களுக்காக தமிழ்ல ஒரு கையேடு எழுதிட்டு இருக்கேன். ஸ்கிம்மர் (நுரையில அழுக்க எடுக்கற கருவி), சம்ப் (துணைத் தொட்டி), லைவ் ராக் (உயிரிகள் குடியிருக்கற பாறை) இதெல்லாம் அப்படியே தமிழ் எழுத்துல விட்டுட்டேன், அதுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டீங்கன்னு நம்பறேன். மாட்டிக்கிட்டது ரெண்டே இடம். எந்த மீனோட எந்த மீன விடலாம் எத விடக்கூடாதுன்னு பச்சை, மஞ்சள், சிவப்புல கட்டம் போட்ட ஒரு சார்ட் இருக்கும்ல, காம்பாட்டிபிலிட்டி சார்ட், அதுக்கு தலைப்பு வேணும். இப்போதைக்கு 'இணக்கத்தன்மை அட்டவணை'ன்னு போட்டு வெச்சிருக்கேன், படிச்சா ஏதோ சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற பக்கம் மாதிரி இருக்கு. இன்னொண்ணு ரீஃப் சேஃப், அதாவது பவளத்த கெடுக்காத மீன். 'பவளப் பாதுகாப்பு மீன்'னு ஒருத்தர் சொன்னார், அது என்னமோ அந்த மீன் பவளத்துக்கு காவல் நிக்கிற மாதிரி ஆயிடுது.

யோசனை சொல்லுங்க.

---

> 'இணக்கத்தன்மை அட்டவணை'ன்னு போட்டு வெச்சிருக்கேன்

முதல்ல அந்த 'தன்மை'ய வெட்டுங்க தம்பி, 'இணக்கம்'னாலே போதும். ஆனா இணக்கம்னா மனசு சம்பந்தப்பட்டதா தொனிக்குது, அதனால என் யோசனை 'பொருந்துமை'. பொருந்துன்னு வினையடி இருக்கு, அதுலேர்ந்து பொருந்தும், பொருந்தா, பொருந்தாமைன்னு எல்லா வடிவமும் சிரமம் இல்லாம வரும். ரத்தம் ஏத்தும்போது கூட பொருந்தும் வகை, பொருந்தா வகைன்னு தான சொல்றோம்.

'உடனுறைவு'ன்னும் யோசிச்சேன், கேக்க அழகா இருக்கு. ஆனா அது சேந்து இருக்கறத சொல்லுதே தவிர சேந்து இருக்க முடியுமாங்கறத சொல்லல, அதனால விட்டுட்டேன்.

---

> ரத்தம் ஏத்தும்போது கூட பொருந்தும் வகை, பொருந்தா வகைன்னு தான சொல்றோம்

ஐயா, இலக்கணம் சுத்தமா இருக்கு, ஆனா நீங்க குடுத்த உதாரணத்துலயே தான் எனக்கு இடிக்குது. ரத்தத்துல ரெண்டு பேரோட வகை தெரிஞ்சா பதில் தெரிஞ்சுபோச்சு, இன்னிக்கு பாத்தாலும் அடுத்த வருஷம் பாத்தாலும் அதே பதில் தான். மீன் அப்படி இல்லவே இல்ல. ரெண்டு மீனோட பேர மட்டும் சொல்லி 'இது ரெண்டும் ஒத்துப்போகுமா'ன்னு கேட்டா தொட்டி வெச்சு பழகுனவங்க உடனே பதில் சொல்லமாட்டாங்க, தொட்டி எவ்ளோ பெருசு, எது முதல்ல உள்ள இருக்கு, எது பெருசு எது சிறுசு, பாறை எப்படி அடுக்கியிருக்கு, இத்தனையும் கேட்டுட்டு தான் வாயத் தொறப்பாங்க.

மஞ்சள் டேங்கையும் ஊதா டேங்கையும் (தொட்டி இல்ல, tang-ங்கற மீன்) எடுத்துக்கோங்க. ரெண்டும் ஒரே பேரினம், ரெண்டுக்கும் ஒரே தட்டு மாதிரி உடம்பு, ரெண்டும் மேயறது ஒரே பாசி. ஊதா டேங்க் உள்ள செட்டில் ஆனப்புறம் மஞ்சள விட்டா, அது புதுசா வந்தவன் பக்கத்துல போய் உடம்ப பக்கவாட்டுல திருப்பி வால ஒரு வீசு வீசும். வால் அடியில ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி ஒரு முள் இருக்கும், அதனால தான அந்தக் குடும்பத்துக்கே சர்ஜன் மீன்னு பேர். மறுநாள் பாத்தா மஞ்சளோட தோல்ல கோடு கோடா கீறல், துடுப்பு ஓரம் கிழிஞ்சு, அது ஸ்கிம்மர் குழாய் பின்னாடி ஒண்டிட்டு சாப்பிடவே வெளிய வராம நிக்கும். அதே ரெண்டையும் பெரிய தொட்டியில, மஞ்சள கொஞ்சம் பெருசா, ஒரே நேரத்துல விட்டா, இல்ல மஞ்சள முதல்ல விட்டுட்டு ஊதாவ சின்னதா கடைசியா விட்டா, ரெண்டு நாள் முறைச்சுட்டு அடங்கிப்போக வாய்ப்பு நிறைய. மீன் ரெண்டும் அதே மீன் தான், பதில் தான் மாறிடுச்சு. இதுல 'பொருந்துமை'ய எந்த மீனோட கணக்குல எழுதறது?

ஆறுகோடு ராஸும் அப்படித்தான், ஒரு விரல் நீளம் தான் இருக்கும், பாறை இடுக்குல பூந்து பூந்து தட்டைப்புழுவ பொறுக்கித் தின்னும், ரொம்ப உபகாரமான மீன். ஆனா அத முதல்ல விட்டீங்கன்னா அப்புறம் வர்ற கோபி, ஃபயர்ஃபிஷ், வேற ராஸ் எதையும் நிம்மதியா இருக்கவிடாது. டாட்டிபேக்கும் இதே ஜாதகம். கடைசியா விட்டா கொஞ்சம் வால சுருட்டிட்டு இருக்கும்.

சரி, வேற வேற இனம் தான் சிக்கல்னு நெனச்சா அதுவும் இல்ல. கோமாளி மீன் எல்லாமே ஆணா தான் ஆரம்பிக்கும், கூட்டத்துல பெருசா இருக்கறது பெண்ணா மாறும், அடுத்தது ஆணா நிக்கும், மத்ததெல்லாம் வளராம அடங்கிக் கிடக்கும். பெண்ணானது திரும்ப ஆணாகாது. அதனால சின்னதும் பெருசுமா ரெண்டு குட்டி விட்டா அருமையான ஜோடி, வளந்த பெண்ணு ரெண்ட விட்டா ஒண்ணு செத்து தான் ஓயும். பச்சை க்ரோமிஸ கூட்டமா விட்டா அழகா இருக்குன்னு அரை டஜன் வாங்கி விடுவாங்க, கடல்ல அது கூட்டமா திரியற மீன் தான், தொட்டியில என்ன ஆகும்னா மெலிஞ்சத ஒண்ணொண்ணா கொத்திக் கொத்தி கடைசியில ஒண்ணு ரெண்டு தான் மிஞ்சும்.

சண்டையே இல்லாத கேஸும் இருக்கு, எனக்கு இது தான் ரொம்ப முக்கியமா படுது. மாண்டரின் மீன் யார் வம்புக்கும் போகாது, அதையும் யாரும் அவ்வளவா சீண்டமாட்டாங்க, சார்ட்ல பாத்தா வரிசை முழுக்க பச்சையா இருக்கும். ஆனா அது நாள் பூரா பாறைய உத்து உத்துப் பாத்துட்டு ஒவ்வொரு கோப்பிபாடா (பாறையில இருக்கற குட்டியூண்டு ஓட்டு உயிரி) 'டக்'னு உறிஞ்சற மீன், ரொம்ப நிதானம். அதே பாறையில அதே கோப்பிபாட தேடற ராஸ் ரெண்டு ஓடிட்டு இருந்தா மாண்டரினுக்கு மிச்சம் என்ன இருக்கும்? ஃப்ரோசன் தீனிய நிறைய மாண்டரின் தொடவே தொடாது. நிறம் அப்படியே பளபளன்னு இருக்கும், பக்கவாட்டுல வயிறு மட்டும் குழி விழுந்துட்டே வரும். கடி இல்ல, துரத்தல் இல்ல, பட்டினியில போயிடும். கடல் குதிரைக்கும் இதே கதி தான், வேகமா தின்ற மீனோட விட்டா அதுக்கு எதுவும் கிடைக்காது. இத 'இணக்கம் இல்ல'ன்னு சொல்லமுடியுமா? நல்லா இணக்கமா தான செத்துப்போச்சு.

அதனால நான் சொல்ல வர்றது, இது ஒரு மீனோட குணமும் இல்ல, ரெண்டு மீனுக்கு நடுவுல உள்ள குணமும் இல்ல, மொத்தமா அந்தத் தொட்டியோட கலவை எப்படி இருக்குங்கறது தான். அதுக்கு நாம வாய்ல ஏற்கனவே சொல்லிட்டு இருக்கற சொல்லே இருக்கு. 'அதுவும் இதுவும் சேராது'ன்னு சொல்றோம், மருந்துக்கும் சொல்றோம் மனுஷங்களுக்கும் சொல்றோம். 'சேர்மானம் சரியில்ல'ன்னு சொன்னா யார் யாரோட சேந்திருக்காங்கறதையும் சொல்லுது, எது எது எவ்ளோ கலந்திருக்குங்கறதையும் சொல்லுது. ரெண்டு அர்த்தமும் இங்க வேணும். என் ஓட்டு 'சேர்மானம்'. சார்ட்டுக்கு 'சேர்மான அட்டவணை'. கட்டத்துக்குள்ள 'சேரும்', 'பார்த்து விடணும்', 'சேராது'. தன்மையும் வேணாம் மையும் வேணாம்.

---

> என் ஓட்டு 'சேர்மானம்'

கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா வேதியியல்ல 'சேர்மம்'னு ஒண்ணு இருக்கு, பள்ளிப் பாடத்துலயே வருது. ரீஃப் தொட்டி வெக்கிறவன் கால்சியம், அல்கலினிட்டி, மக்னீசியம்னு பாதி நேரம் வேதியியல் தான் பேசுவான். ஒரே பக்கத்துல 'கால்சியம் சேர்மம்', 'மீன் சேர்மானம்'னு வந்தா குழம்பாதா? 

---

> ஒரே பக்கத்துல 'கால்சியம் சேர்மம்', 'மீன் சேர்மானம்'னு வந்தா குழம்பாதா?

குழம்பாதுன்னு நெனக்கறேன். சேர்மம்னா சாதாரணமா பிரிக்கமுடியாதபடி ஒண்ணா ஆனது, சேர்மானம்னா தனித்தனியா இருந்துட்டே கலந்திருக்கறது, வித்தியாசம் தெளிவாவே இருக்கு. அதோட தொட்டிக்காரங்க பேச்சுல சேர்மம்ங்கற சொல்ல நான் கேட்டதே இல்ல, 'கால்சியம் ஊத்து', 'அல்க் செக் பண்ணு' அவ்ளோ தான்.

---

சரி, நானும் இறங்கி வரேன், சேர்மானமே இருக்கட்டும். பொருந்துமைய வேற எதுக்காவது வெச்சுக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை, நீங்க சொன்ன வாதம் உண்மைன்னா அந்த அட்டவணையோட வடிவமே தப்பு. இப்ப இருக்கற சார்ட் எல்லாம் பாதி முக்கோணமா இருக்கு, அதாவது இதுக்கு அது சேரும்னா அதுக்கும் இது சேரும்னு முடிவு பண்ணிட்டு ஒரு பாதிய வெட்டிட்டாங்க. எது முதல்ல போச்சுங்கறத பொறுத்து பதில் மாறும்னா முழுச் சதுரமா தான போடணும்? இடது பக்கம் ஏற்கனவே உள்ள இருக்கற மீன், மேல புதுசா வர்ற மீன். கணக்குப் புத்தகத்துலயே சொல் இருக்கு, 'இருப்பு', 'வரவு'. இருப்பு மீன், வரவு மீன்.

---

> இருப்பு மீன், வரவு மீன்

ஐயா, இது பிரமாதம். நான் மணிக்கணக்கா எழுதுனத விட இந்த ரெண்டு சொல் அதிக வேலை செய்யுது. புது மீன தொட்டிக்குள்ளயே ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டியில வெச்சு பழைய மீனுங்களுக்கு பழக்குவாங்கல்ல, அதையும் 'வரவுப் பெட்டி'ன்னே சொல்லிடலாம். சண்டைக்கார மீன கடைசியா விடற ஒழுங்குக்கு 'வரவு வரிசை'.

---

எல்லாருக்கும் நன்றி, தலைப்பு முடிஞ்சுது, சதுரமா மாத்தறேன், வேலை ரெண்டு மடங்கு ஆச்சு, பரவால்ல. ரீஃப் சேஃப் இன்னும் தொங்குது. 'பவளம் தீண்டா மீன்'னு ஒண்ணு தோணுச்சு.

---

'தீண்டா' வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லுக்கு இருக்கற வரலாறு போதும், மீன் தலையிலயும் அத ஏத்தவேணாம். 'பவளம் மேயா மீன்'னு சொல்லுங்க. பவளத்த கெடுக்கற மீன்ல பெரும்பாலானது செய்யறது மேய்ச்சல் தான், பட்டாம்பூச்சி மீன் பாலிப்ப (பவளத்தோட குட்டி உயிர) கிள்ளிக் கிள்ளி தின்றத பாத்தா வேற சொல்லே தோணாது. மேயும், மேயலாம், மேயா, மூணு வகை.

---

> மேயும், மேயலாம், மேயா

'மேயலாம்'னா நாம அனுமதி குடுத்த மாதிரி இருக்கே! ஃப்ளேம் ஏஞ்சல்ங்கற குள்ள ஏஞ்சல் மீன் அத படிச்சா சந்தோஷப்படும். 'மேயக்கூடும்'னு மாத்துங்க. குள்ள ஏஞ்சல் எல்லாமே அந்த வரிசை தான், ஒரு மீன் வருஷக்கணக்கா பவளம் பக்கமே போகாது, அதே இனத்துல இன்னொரு மீன் வந்த வாரமே சிப்பியோட மேலங்கிய கொத்த ஆரம்பிச்சுடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. மேயா மீன்னு போட்டா படிக்கிறவங்க அது சாதுன்னு எடுத்துப்பாங்க. சிங்க மீன் ஒரு பவளத்தையும் தொடாது, சுத்தமான மேயா மீன், ஆனா வாய்க்குள்ள அடங்கற மீன் எதுவா இருந்தாலும் ஒரே விழுங்கு. ஹாக்ஃபிஷ் பவளக் கிளை மேல பறவை மாதிரி உக்காந்துட்டு இருக்கும், பவளத்துக்கு ஒண்ணும் ஆகாது, கீழ போற சின்ன இறால் தான் காலி. கிளாத்தி வகையில மிதவை உயிரி தின்ற நீலத்தொண்டை மாதிரி ஒண்ணு ரெண்டு பரவால்ல, மத்தது இறால், நண்டு, நத்தை, மூரை எதையும் விட்டுவெக்காது. அதனால மேய்ச்சலுக்கு ஒரு பத்தி, 'இறால் நண்டு தின்னுமா'ங்கறதுக்கு தனியா ஒரு பத்தி, ரெண்டையும் சேர்மான அட்டவணையோட கலக்காதீங்க. மூணும் மூணு கேள்வி.

பவளத்துக்கும் பவளத்துக்கும் உள்ள தகராறயும் இதுல சேக்க வேணாம்னு தோணுது. அங்க சேர்மானத்த விட தூரம் தான் பேச்சு. கலாக்சியாங்கற பவளம் ராத்திரியில நீளமா கொட்டும் இழைய வெளிய விட்டு பக்கத்துல இருக்கறத சுட்டுடும், அதுக்கு 'எட்டும் தூரம்'னு ஒரு எண் போட்டா போதும். தோல் பவளம் தண்ணியில விடற நச்சுக்கு கார்பன் போடறது தனிக் கதை.

---

> மூணும் மூணு கேள்வி

சரி, மூணு பத்தி. 'மேயக்கூடும்' எடுத்துக்கிட்டேன். கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். சதுரமா போட்டா மூலைவிட்டத்துல ஒரே மீனே ரெண்டு பக்கமும் வருது, கோமாளிக்கு கோமாளி, மஞ்சள் டேங்குக்கு மஞ்சள் டேங்க். அந்தக் கட்டத்துல என்ன நிறம் அடிக்க?

---

அந்தக் கட்டங்கள்ல நிறமே அடிக்காதீங்க, எண்ணிக்கை எழுதுங்க. கோமாளிக்கு '2, ஒண்ணு சின்னதா'. பாங்காய் கார்டினலுக்கும் ஜோடி தான், கூட்டமா விட்டா ஜோடி சேந்ததும் மத்தத விரட்டிக் கொன்னுடும். ஆந்தியாஸுக்கு 'ஒரு ஆண், மத்தது பெண்', ஆண் செத்தா பெண்ணுல பெருசு ஆணா மாறிக்கும், கோமாளிக்கு நேர் தலைகீழ். மாண்டரினுக்கு 'ஒரு ஆணுக்கு மேல வேணாம்'. மஞ்சள் டேங்குக்கு '1, பெரிய தொட்டின்னா ஒரே நேரத்துல பல'. க்ரோமிஸுக்கு என்ன எழுதறதுன்னு மட்டும் இன்னொரு இழை தொடங்குங்க, அதுல நான் ஐயாவோட சண்டை போடணும்.