தென்னைக்குத் தண்ணி ஊத்துற கணக்கு: 1296ஆ, 1198ஆ?

பொள்ளாச்சி டியூசன்:
கெணத்துல இருந்து முதல் தென்னை 10 மீட்டர். அப்புறம் 8 மீட்டருக்கு ஒண்ணா ஒரே வரிசையில, மொத்தம் 12 மரம். நடைக்கு ஒரு குடம், ஒரு மரம். எல்லா மரத்துக்கும் ஊத்த மொத்தம் எவ்வளவு தூரம் நடப்பார்னு கேள்வி. எல்லாருக்கும் தெரிஞ்ச கூட்டுத்தொடர் கணக்குதான். பத்தாவது பசங்க பாதிப் பேரு கடைசி மரத்துக்கு 10 + 12×8 = 106னு எழுதிப்போடறாங்க. 12 மரத்துக்கு நடுவுல இடைவெளி 11தானுங்க, அதனால 98. இது வழக்கமா வர்ற தப்பு, விடுங்க. ஒரு புள்ள மட்டும் 6 × (10 + 98) = 648, போக வர 1296னு எழுதி ரெண்டு அடிக்கோடு போட்டிருக்கு. விடைக்குறிப்புல 1198. மார்க் போச்சு.

ஈரோடு கணக்கு:
1198தான் சரி. கடைசி மரத்துக்கு ஊத்தினா வேலை முடிஞ்சுது. திரும்பற 98ஐக் கழிச்சே ஆகணும்.

கோபி வாத்தியார்:
இல்லீங்க. ‘ஒவ்வொரு மரத்துக்கும் ஊத்திட்டுக் கெணத்துக்குத் திரும்புறார்’னு கேள்வியில இருந்தா 1296தான். அந்த வரி இல்லைன்னா ரெண்டு விடைக்கும் மார்க் குடுக்கோணும். அதுபோக, தோப்புல எவன் ஒத்தைக் குடம் தூக்குவான்? கைக்கு ஒண்ணா ரெண்டு குடம்னு மாத்திக் கேட்டுப் பாருங்க. உடனே 1296ஐப் பாதியாக்கி 648னு சொல்லுவாங்க. ஜோடியில தூரத்து மரம் வரைக்கும் நடந்தாகணுமே: 18, 34, 50, 66, 82, 98. கூட்டினா 348, போக வர 696. நடைக்கு 8 மீட்டர் வீதம் ஆறு நடைக்கு 48 கூடுது.

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
எங்கூருக் கணக்கு இதைவிட ஏமாத்தும். ஊட்டி மலை ரயில் 46 கிலோமீட்டர். ஏற 5 மணி நேரம், இறங்க 4 மணி நேரம்னு வெச்சுக்கிட்டு சராசரி வேகம் கேட்டிருந்தாங்க. 9.2ஐயும் 11.5ஐயும் கூட்டிப் பாதியாக்கினா 10.35. சரியான விடை 92 ÷ 9, அதாவது 10.22. மெதுவாப் போன நேரம்தானே அதிகம், சராசரி அந்தப் பக்கம் சாயும். ரெண்டு எண்ணும் பக்கத்துலயே இருக்கறதால தப்புன்னு சந்தேகமே வராது. விடைத் தெரிவுல ரெண்டையும் வெச்சிருந்தாங்க பாருங்க!

இனி, கேக்காமயே சொல்றேன். முதல்ல கோடு போட்டுப் படம் வரையச் சொல்லுங்க. அம்புக்குறியில போறது தனி, வர்றது தனி. நேரத்தை மணியாக்கறப்ப 1 மணி 15 நிமிஷத்தை 1.15னு எழுதாம 1.25னு எழுதணும், இல்லைன்னா 48 கிமீ வேகத்துக்கு 60 வரவேண்டிய இடத்துல 55.2 வந்து நிக்கும். ரயில் பிளாட்பாரத்தைக் கடக்குற கணக்கா? ரயில் நீளத்தையும் சேருங்க: ரயில் 240 + பிளாட்பாரம் 360 = 600 மீட்டர். வேகம் மணிக்கு 54 கிமீயை 5/18ஆல பெருக்கினா விநாடிக்கு 15 மீட்டர், ஆக 40 விநாடி. பிளாட்பாரத்தை மட்டும் எடுத்தா 24னு வரும், அதுவும் விடைத் தெரிவுல இருக்கும்.

பொள்ளாச்சி டியூசன்:
கோபி வாத்தியாரே, நீங்க சொன்ன வரி கேள்வியில இல்லீங்க. ‘மொத்தம் எவ்வளவு தூரம் நடப்பார்’ அவ்ளோதான்.