போர்க்கால வில்லிஸா, பச்சை பெயின்ட் அடித்த மஹிந்திராவா?

அல்சூர்க்காரன்:
போன ஞாயிறு பெங்களூரில் பழைய வண்டிகள் கண்காட்சிக்கு அப்பாவோடு போயிருந்தேன். ஆலிவ் பச்சை ஜீப் ஒன்று, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம், பக்கவாட்டில் மண்வெட்டி கோடாலி எல்லாம் கட்டி, "1943 வில்லிஸ்" (இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் கம்பெனி செய்த ஜீப்) என்று அட்டை. அப்பா ஒரு சுற்று சுற்றிவிட்டு "இது நம்ம ஊர் மஹிந்திராடா" என்று சிரித்தார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய இரும்பு:
முன்கிரில்லில் துளைகளை எண்ணுங்கள். போர்க்கால வண்டிக்கு 9, பிறகு பொதுமக்களுக்காக வந்த சிஜே வகைகளுக்கு 7 (ஆரம்பகால வில்லிஸில் மட்டும் பற்றவைத்த கம்பி கிரில்). பின்னால் திறக்கிற கதவு இருந்தால் அது போர்க்கால உடம்பே இல்லை. பானெட் உயரமாக இருந்தால் மஹிந்திரா இங்கே செய்த சிஜே3பி, பேச்சே வேண்டாம்.

ஆறு வோல்ட்:
பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள் சார். நிஜ வண்டியில் ஹெட்லைட்டுக்குக் கீல் உண்டு, திருகைத் தளர்த்தி விளக்கை அப்படியே பின்பக்கம் திருப்பினால் இருட்டில் இன்ஜின்மேலேயே வெளிச்சம் அடிக்கும். ஜிபிடபிள்யூ, அதாவது அதே போர்க்கால ஜீப்பை ஃபோர்டு செய்தது என்றால் போல்ட் தலையில்கூட எஃப் எழுத்து இருக்கும். என் வண்டியில் அப்படி 17 போல்ட்தான் மிச்சம், மற்றதெல்லாம் சிவாஜிநகர் பழைய சாமான் கடை உபயம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணும்போது கேளுங்கள், உள்ளே இருக்கவேண்டியது 60 குதிரைத்திறன் கொண்ட 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். டீசல் தடதடப்பு கேட்டால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அல்சூர்க்காரன்:
போட்டோவைப் பெரிதாக்கி எண்ணினேன். 7. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.