பொருள்: ஆய்வெழுத்துக்குத் துணை நிற்பவருக்கு ஒரு பெயர்

கண்டியிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்து, முதுமாணி ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களுக்கான கைந்நூலைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வரைவை மாணவருடன் அமர்ந்து வாசித்து, “இந்தப் பந்தியில் எதை நிறுவுகிறீர்கள்?” என்று கேட்பவருக்கு என்ன பெயர்? அவர் திருத்திக் கொடுப்பவர் அல்லர். புள்ளி இடுபவரும் அல்லர். இப்போதைக்கு ‘எழுத்து ஆலோசகர்’ என்று இட்டிருக்கிறேன்.

பேராதனையிலிருந்து:
வடசொல் என்பதற்காக எதிர்க்கவில்லை. ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடமொழி எழுத்தை நீக்கி வந்தால் தொல்காப்பியரே இடம் தருகிறார். ஆனால் ஆலோசகர் சொல்வார், மாணவர் கேட்டுக்கொள்வார். இங்கே நடப்பது அதுவன்று. ‘உசாத்துணை’, அதாவது கூடி எண்ணும் துணை என்று வையுங்கள். “சூழ்தலும் உசாத்துணை நிலைமையிற் பொலிமே” என்று தொல்காப்பியத்தின் களவியல் தோழியைச் சொல்கிறது. தோழி தலைவியோடு கூடியிருந்து எண்ணுபவள். அதே நூலின் உரியியலில் ‘உயாவே உயங்கல்’ (உயா என்றால் வருந்துதல்), ‘உசாவே சூழ்ச்சி’ (உசா என்றால் ஆராய்ந்து எண்ணுதல்) என்று அருகருகே வருவதைப் பாருங்கள். பசலை பயலை ஆவதுபோல் உசாவும் உயாவும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். வருந்தியவரே உசாவுவார்!

பதுளையிலிருந்து:
ஒரே சொல்லென்றால் ஆசிரியர் இரண்டு சூத்திரம் செய்திருக்கமாட்டார், ஐயா. அதை விடுவோம். ‘உசாத்துணை’ இன்று இலங்கையில் ஆய்வேட்டின் கடைசியில் வரும் நூற்பட்டியல். “உசாத்துணையைப் பாருங்கள்” என்றால் மாணவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்.

ஹற்றனிலிருந்து:
தனிமடலில் ஒருவர் ‘எழுத்துக் கண்காணி’ என்றார். தயவுசெய்து வேண்டாம். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியை மறுபடி அவர்கள் முன்னால் உட்காரவைக்கக் கூடாது. ‘எழுத்துத் துணையாளர்’ போதும். இலக்கண அழகு குறைவுதான். ஆனால் ஆங்கிலத்துக்கு அஞ்சிக்கொண்டு முதல் தடவை கதவைத் தட்டும் பிள்ளைக்கு உடனே விளங்கும்.
இன்னொன்று: நன்னூலின் பத்துக் குற்றங்களைக் கைந்நூலில் சேருங்கள், அக்கா. குன்றக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவை ஆங்கில ஆய்வேட்டிலும் குற்றங்களே. தமிழில் கற்றதைப் பிள்ளைகள் வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஆங்கிலத்துக்குள் நுழையவேண்டியதில்லை.

கண்டியிலிருந்து:
நன்றி. பத்துக் குற்றங்களைச் சேர்க்கிறேன். பெரும்பாலோர் ‘துணையாளர்’ பக்கம் நிற்பதால் அதையே அனுப்புகிறேன்.

பேராதனையிலிருந்து:
நான் உடன்படவில்லை. துணையாளர் எந்த வேலைக்கும் பொருந்துவார். கேட்டு எண்ணும் வினை அந்தச் சொல்லில் இல்லை. சந்திப்பு அட்டவணையிலாவது ‘உசாவும் நேரம்’ என்று போடுங்கள்.