தையல் படிக்காத நட்சத்திரங்களின் ஃபேஷன் லேபிளில் யார் வேலை செய்கிறார்கள்?

கேள்வி:
பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவுத்தாள்) வெட்டவே தெரியாத நடிகையோ பாடகரோ டிசைனர் ஆவது நடைமுறையில் எப்படி? சிலர் நிலைக்கிறார்கள், சிலர் ஒரே சீசனில் காணாமல் போகிறார்கள். ஏன்?

பதில் 1:
வெட்டுவது பேட்டர்ன் மாஸ்டர்தான். படமும் பிடித்த பழைய உடுப்பும் கொடுத்தால் காடாத் துணியில் மாதிரி தைத்துத் தருவார். ஃபிட்டிங்கில் "ஏதோ சரியில்ல" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "கை தூக்கினா மொத்தச் சட்டையும் மேல வருது, அக்குள் குழியை 1 செ.மீ. ஏத்துங்க" என்று சொல்லத் தெரிந்தால் போதும், பட்டம் யாருக்கு வேண்டும்? நடிகைகளான ஓல்சன் சகோதரிகள் 2006-இல் 'தி ரோ' என்ற லேபிளைத் தொடங்கியதே ஒரு சரியான டி-ஷர்ட்டைத் தேடித்தான்.

பதில் 2:
பெரிய கோளாறு, நட்சத்திரம் தன் உடம்பையே அளவாக வைப்பது. சாம்பிள் அவருக்கு அச்சாகப் பொருந்தும். கிரேடு செய்யும்போது (மற்ற சைஸ்களுக்கு மாற்றும்போது) மார்புச் சுற்றளவு 4-5 செ.மீ. கூடினாலும் தோள் சில மில்லிமீட்டர்தான் கூட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் பெரிய சைஸில் தோள் தொங்கும். போட்டுப் பார்க்கத் தனி ஃபிட் மாடல் கட்டாயம்.

பதில் 3:
எதில் தொடங்குகிறார்கள் என்பதும் முக்கியம். பாடகி விக்டோரியா பெக்காம் 2008-இல் சில ட்ரெஸ்களோடு மட்டும் சிறியதாகத் தொடங்கினார். நடிகை லிண்ட்சே லோஹன் 2009-இல் நேராக உங்காரோ மாதிரிப் பழைய பாரிஸ் நிறுவனத்துக்கே கலை ஆலோசகராகப் போனார். முதல் ஷோவையே விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள்.

இன்னொன்று: பயாஸ் கட் (துணியைச் சாய்வாக வெட்டித் தைத்த) ட்ரெஸை ஒரு நாளாவது தொங்கவிட்டு, துணி இழுபட்ட பிறகுதான் ஹெம் (கீழ் மடிப்பு) அடிக்க வேண்டும். ஷோ அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான், விளிம்பு ஏறி இறங்கி நிற்கும்.