வீட்டில் செய்யும் கிரனோலா பார் ஒருமுறை உதிர்கிறது, மறுமுறை கல்லாகிறது: பாகு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்?

கேள்வி: தாம்பரத்து அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஓட்டப் பயிற்சிக்காகக் காலை ஐந்தே முக்கால் மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். அந்த நேரத்தில் இட்லியோ தோசையோ அவளுக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. பயிற்சி முடிந்து வகுப்புக்குப் போவதற்குள் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்பதால், நின்றபடியே கடித்துத் தின்னக்கூடியதாக இருக்கட்டும் என்று கடையில் கிரனோலா பார் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உறையின் பின்பக்கத்தைப் படித்தபோது, ஓட்ஸுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரையும் குளுக்கோஸ் சிரப்பும் இருப்பதைப் பார்த்தேன். மாதம் முழுவதும் வாங்கினால் விலையும் கட்டுப்படியாகவில்லை. ஆகவே வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன்.

முதல் முறை, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சர்க்கரைப் பொங்கலுக்குக் காய்ச்சுவதுபோல ஒரு கம்பிப் பதம் வந்ததும் இறக்கி, வறுக்காத ஓட்ஸையும் முழு வேர்க்கடலையையும் திராட்சையையும் அதில் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி வைத்தேன். ஆறியபின் வெட்டினால் ஒரு துண்டுகூட முழுதாக வரவில்லை, எல்லாம் உதிர்ந்துவிட்டது. அதைப் பாலில் போட்டுத்தான் தின்று தீர்த்தோம். இரண்டாம் முறை, பாகு போதவில்லை போலும் என்று கடலை மிட்டாய்க்குக் காய்ச்சும் அளவுக்கு விட்டேன். அது கத்தியே இறங்காத பலகையாகிவிட்டது. பல்லில் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைக்கு அதை எப்படிக் கொடுப்பது?

கடித்தால் உடைய வேண்டும், ஆனால் உதிரக் கூடாது. அதற்குப் பாகு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: மகளின் தோழி ஒருத்திக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உண்டு. இருவரும் பகிர்ந்து தின்பவர்கள் என்பதால், கடலை இல்லாமல் செய்ய வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில் 1: விருதுநகர்ப் பலகாரக்காரர்

வணக்கம் சகோதரி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பலகாரம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இரண்டு முறையும் பாகைச் சரியாகத்தான் காய்ச்சியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டும் வேறு பண்டங்களுக்கு உரிய பாகுகள். கம்பிப் பாகில் தண்ணீர் மிகுதி. பொங்கலில் அந்தத் தண்ணீரைச் சோறு வாங்கிக்கொள்ளும். இங்கே வறுக்காத ஓட்ஸ் அதை உறிஞ்சி ஊறிவிடுகிறதே தவிர, ஒன்றையொன்று பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கடலை மிட்டாய்ப் பாகு அதற்கு நேர்மாறானது. தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்கும் வரை காய்ச்சுவதால், ஆறியதும் கண்ணாடிபோல ஆகிவிடும். புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு அந்தப் பதம் அழகு. ஓட்ஸுக்கு அது ஆகாது.

உங்களுக்கு வேண்டியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உருட்டுப் பதம். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் பாகில் நுரை சிறுத்துக் கனமாகத் தொடங்கியதும் அரைத் தேக்கரண்டி எடுத்து அதில் விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் ஆகவில்லை. அடியில் போய்த் திரண்டு, விரலால் கூட்டினால் உருண்டையாகச் சேர்ந்து, வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்ததும் மெல்லத் தளர்ந்து தட்டையானால் அதுதான் பதம். அந்தக் கணமே அடுப்பை அணைத்துவிட வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு இது 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை. அரை நிமிடம் கவனம் தவறினால்கூட அடுத்த பதத்துக்குப் போய்விடும் என்பதால், மற்ற எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்ட பிறகே பாகை அடுப்பில் ஏற்றுங்கள்.

அளவு சொல்கிறேன். ரோல்டு ஓட்ஸ் 180 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய கடலை 75 கிராம், பூசணி விதையும் வெள்ளை எள்ளும் சேர்த்து 30 கிராம், உலர்திராட்சை 60 கிராம், வெல்லம் 150 கிராம், வெண்ணெய் அல்லது நெய் 30 கிராம், வேர்க்கடலை வெண்ணெய் 50 கிராம், கால் தேக்கரண்டி உப்பு. இருபது சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பன்னிரண்டு துண்டுகள் வரும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். உடனடியாக வேகும் மெல்லிய ஓட்ஸ் வாங்காதீர்கள், அது மாவாகிவிடும்.

ஓட்ஸை அடிகனமான வாணலியில் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், வாசனை எழும்பி லேசாக நிறம் மாறும் வரை வறுங்கள். பிறகு அதில் நான்கில் ஒரு பங்கை மட்டும் மிக்சியில் இரண்டு சுற்று விட்டுக் கரகரப்பாகப் பொடித்து, மீதியோடு கலந்துவிடுங்கள். இந்தப் பொடிதான் பெரிய துண்டுகளுக்கு நடுவிலுள்ள சந்துகளை அடைத்துப் பாரைச் சேர்த்துப் பிடிக்கும். கடலையை முழுதாகப் போட்டால் கத்தி படும் இடத்தில் அது பெயர்ந்து துண்டையே உடைத்துவிடும். ஒன்றிரண்டாக உடைத்தே சேருங்கள்.

இனி வெல்லம். அதில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சர்க்கரைதான். பாகு ஆறும்போது அது மீண்டும் படிகமாகி மணல் மணலாகப் பிரியப் பார்க்கும். முதல் நாள் நன்றாக இருந்த பார் மூன்றாம் நாள் பொடிவதற்கு இதுவே காரணம். பாகு கொதிக்கத் தொடங்கும்போது அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால், சுக்ரோஸில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும். இப்படிக் கலந்து நிற்கும் சர்க்கரை எளிதில் படிகமாவதில்லை. கொதி வந்தபின் கரண்டியால் ஓயாமல் கிளறுவதும் படிகத்தைத் தூண்டும் என்பதால், வெல்லம் கரைந்து வடிகட்டியதும் கரண்டியை எடுத்துவிடுங்கள். பதம் வந்து அடுப்பை அணைத்தபின் வெண்ணெயையும் வேர்க்கடலை வெண்ணெயையும் உப்பையும் சேர்த்துக் கலந்து, உலர்ந்த பொருள்களை இளஞ்சூடாக இருக்கும்போதே கொட்டுங்கள். குளிர்ந்த ஓட்ஸில் சூடான பாகை ஊற்றினால் கலப்பதற்கு முன்பே இறுகிவிடும்.

பலரும் தவறவிடுவது அழுத்துவதைத்தான். பரப்பினால் மட்டும் போதாது. தட்டில் நெய் தடவிய பட்டர் பேப்பரை விரித்துக் கலவையைக் கொட்டி, அதன்மேல் இன்னொரு காகிதத்தை வைத்து, தட்டையான அடியுள்ள டம்ளரால் மூலையிலிருந்து மூலைக்கு உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். ஓரங்களை இரண்டு தடவை அழுத்துங்கள்; அங்கேதான் முதலில் உதிரும். இருபது நிமிடம் கழித்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது கத்தியால் கோடு மட்டும் போட்டு வைத்து, முழுதாக ஆறியபின் அதே கோட்டில் வெட்டுங்கள். கத்தியை முன்னும் பின்னும் இழுக்காமல் மேலிருந்து நேராக அமுக்குங்கள்.

பதில் 2: பேரீச்சை விரும்பி

மேலே சொன்ன முறையை நான் மறுக்கவில்லை. ஆனால் காலை அவசரத்தில் பதம் பார்த்துக்கொண்டு நிற்க முடியாதவர்களுக்குப் பாகே இல்லாத வழி ஒன்று உண்டு. கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சை 200 கிராமை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, கெட்டியான விழுதாக அரைத்து, வறுத்த ஓட்ஸையும் விதைகளையும் சேர்த்துப் பிசைந்து அழுத்தினால் போதும். கடித்தால் மொறுமொறுப்பு இருக்காது, மென்று தின்பதாக இருக்கும். பல்லில் கம்பி கட்டிய பிள்ளைக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். ஈரம் இருப்பதால் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். நான் ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை.

பதில் 3: உணவியல் மாணவி

ஒவ்வாமை பற்றிக் கேட்டிருந்தீர்கள் அம்மா. அதை மற்ற எல்லாவற்றையும்விட முதலில் கவனிக்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் துகள் அளவு பட்டாலே ஆபத்து நேரலாம். கடலையைச் சேர்க்காமல் விட்டால் மட்டும் போதாது. கடலை அரைத்த மிக்சி சாடி, கடலை வறுத்த வாணலி, கடலைப் பொடி ஒட்டிய கரண்டி ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். கடலை எண்ணெயும் வேண்டாம். ஓட்ஸ், விதை உறைகளில் உள்ள ஒவ்வாமைக் குறிப்பையும் படியுங்கள். வேர்க்கடலை வெண்ணெய்க்குப் பதிலாக வறுத்த சூரியகாந்தி விதையை எண்ணெய் விடும் வரை அரைத்துச் சேர்க்கலாம். அது அதே வேலையைச் செய்யும். எள் விழுதும் பொருந்தும், ஆனால் எள்ளுக்கும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. ஆகவே அந்தப் பிள்ளையின் தாயிடம் பொருள்களின் பட்டியலைக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே கொடுங்கள்.

பொருள்களை மாற்றிச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலர்ந்த பொருள்களின் மொத்த எடை மாறாமல் இருக்கும் வரை எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஓட்ஸில் பாதியை எடுத்துவிட்டுச் சிவப்பரிசி அவலையோ கம்புப் பொரியையோ சோளப் பொரியையோ போடலாம். அவலை நொறுங்கும் அளவுக்கு வறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பொரியைக் கிண்ணத்தால் அளக்காதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள். அறுபது கிராம் பொரி ஒரு பெரிய பாத்திரத்தையே நிறைத்துவிடும். அத்தனை பரப்பையும் பூசப் பாகு போதாமல் மறுபடியும் உதிரும். பொரி மிகுந்தால் வெல்லத்தை 20 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். கருப்பட்டியில் செய்தால் கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்கும். அதோடு அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி சேர்த்தால் மணம் மிக நன்றாக இருக்கும். சாக்லேட் துண்டுகளைக் கலவை கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் தூவுங்கள், இல்லாவிட்டால் உருகிக் கலங்கிவிடும்.

வெல்லம் என்பதற்காகக் கணக்கில்லாமல் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 150 கிராம் வெல்லத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு துண்டுக்குப் பன்னிரண்டரை கிராம் வருகிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமுக்குக் கீழேயும், முடிந்தால் 25 கிராமுக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின் அளவு. ஓடுகிற பிள்ளைக்கு ஒரு துண்டு தாராளமாகத் தரலாம், இரண்டாவதற்கு யோசியுங்கள். வெல்லத்துக்குப் பதில் தேன் சேர்ப்பவர்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீண்டும் கேள்வி: தாம்பரத்து அம்மா

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை புதிய வாணலியில், கடலை இல்லாமல், கடலைக்கு ஈடாகப் பூசணி விதையும் சூரியகாந்தி விதை விழுதும் சேர்த்துச் செய்தேன். தோழியின் தாயிடம் முன்கூட்டியே பட்டியலைப் படித்துக் காட்டிச் சம்மதம் பெற்றேன். தண்ணீரில் விட்ட பாகு முதல் இரண்டு தடவை கரைந்துவிட்டது. மூன்றாம் தடவை உருண்டு, கையில் எடுத்ததும் ஐயா சொன்னதுபோலவே மெல்லத் தளர்ந்தது. டம்ளரால் அழுத்தி அழுத்தி என் மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன், ஆனால் பன்னிரண்டு துண்டும் முனை உடையாமல் வந்தன. மகள் ஒன்றை வளைத்துப் பார்த்துவிட்டு, “இது கடையில் வாங்கியதுபோல இருக்கிறதே அம்மா” என்றாள்.

ஒரே ஒரு குறை. இன்று காலை டப்பாவைத் திறந்தபோது மேல்பக்கம் லேசாகப் பிசுபிசுத்தது. பாகில் பிழையா, வைத்திருந்த விதத்தில் பிழையா?

பதில் 4: விருதுநகர்ப் பலகாரக்காரர்

பாகில் பிழையில்லை சகோதரி. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உங்கள் பக்கத்துக் கடற்காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும். முழுதாக ஆறுவதற்கு முன் டப்பாவில் அடுக்கியிருந்தால் உள்ளே வியர்த்தும் இருக்கலாம். இரவு முழுவதும் மெல்லிய துணி மூடி ஆறவிட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவைக்குப் பாதி அளவு மட்டும் செய்யுங்கள். இப்போது பிசுபிசுத்திருப்பதை வீணாக்க வேண்டாம். அவனில் 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தெடுத்து, ஆறும் வரை கைபடாமல் விட்டுவிடுங்கள், மீண்டும் இறுகிவிடும். அவன் இல்லையென்றால் தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, அதன்மேல் காகிதம் விரித்து அடுக்கி வையுங்கள்.