மறு: நீராவி லைனில் வரும் பிஆர்விக்கு ஒரு தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நீராவிக் குழாயில் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் வால்வான பிஆர்விக்கு (பிரஷர் ரெடியூசிங் வால்வு) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை: அழுத்தக் குறைப்பான், அழுத்தச் சீராக்கி, அமுக்க ஒழுங்காக்கி. கடைசியது இலங்கை நண்பருடையது. அங்கே பாடநூலில் அமுக்கம், இங்கே அழுத்தம். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டாம், அவரவர் பழக்கப்படி இருக்கட்டும். என் கவலை சொல்லின் பின்பாதி பற்றித்தான்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். பாய்லரிலிருந்து நீராவி 10 கிலோவில் வருகிறது. சதுர சென்டிமீட்டருக்கு என்று பட்டறையில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. ஒரு இயந்திரத்துக்கு 3 கிலோ போதும், எனவே நடுவில் பிஆர்வி. வெறுமனே குறைப்பதுதான் வேலை என்றால் துளை போட்ட ஒரு தகடே போதுமே! நீராவி ஓடும்வரை தகடும் அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் இயந்திரத்தை மூடியதும் ஓட்டம் நின்று, சிறிது நேரத்தில் இயந்திரப் பக்கமும் 10 கிலோ ஆகிவிடும். பிஆர்வியில் அப்படி இல்லை. போகும் பக்கத்து அழுத்தம் டயாஃப்ரம் (வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடு) வழியாக ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுகிறது. அது ஏறினால் வால்வு மூடும், இறங்கினால் திறக்கும். இந்த விஷயம் 'குறைப்பான்' என்ற பெயரில் வரவே இல்லை. போதாததற்கு, பெரிய குழாயைச் சின்னக் குழாயோடு சேர்க்கும் ரெடியூசரும் இதே இடத்தில்தான் இருக்கும். அதற்கும் குறைப்பான் என்றே பெயர் வைத்தால் ஃபிட்டர் எதை எடுத்து வருவார்?

சரி, சீராக்கி? இது பரவாயில்லை, ஆனால் எந்தப் பக்கத்தைச் சீராக்குகிறது என்று சொல்லவில்லை. வரும் பக்கத்து அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும் வால்வும் உண்டு. பாய்லர் அழுத்தம் இறங்கும்போது அவ்வளவு முக்கியமில்லாத லைனை அதுவே மூடிவிடும். அதுவும் சீராக்கிதான்.

பிஆர்வி என்ற சுருக்கத்தையே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். அதில்தான் பெரிய ஆபத்து. மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடும் பிரஷர் ரிலீஃப் வால்வுக்கும் அதே சுருக்கம். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இண்டெண்டில் (பொருள் கேட்டு அனுப்பும் சீட்டில்) வெறும் 'பிஆர்வி' என்று எழுதப்போய், ரிலீஃப் வால்வு வந்து இறங்கியது. திருப்பி அனுப்பி மாற்றும்வரை பைபாஸ் (சுற்றுவழிக் குழாய்) வால்வைக் கையால் திருகி ஓட்டினார்கள். 'அழுத்தத் தணிப்பி' என்று எனக்கும் ஒரு யோசனை இருந்தது. தணிப்பு என்றால் ரிலீஃப் என்றும் படும் என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை: இறக்குசீராக்கி. பள்ளியில் இறக்கு மின்மாற்றி படித்தவர்களுக்கு 'இறக்கு' புதிதல்ல. இறக்கவும் செய்கிறது, இறக்கியதைச் சீராகவும் வைக்கிறது. வரும் பக்கத்து அழுத்தத்தைக் காக்கும் மற்ற வகையை ஏந்துசீராக்கி எனலாம். வால்வை வால்வு என்றே விடுவோம். அதற்குத் தமிழில் உள்ள ஓரதர் அழகான சொல்தான், ஆனால் பட்டறையில் யாருக்கும் புரியாது.

சொல் தேறுமா என்று வேலை வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

"இறக்குசீராக்கியை மாட்டுமுன் லைனை ஊதிச் சுத்தம் செய்யவும். வெல்டிங் பொடி வால்வின் சீட்டில் (மூடி வந்து அமரும் இடத்தில்) சிக்கினால் அது முழுதாக மூடாது. முன்னால் நீர்பிரிப்பானும் ஸ்டீம் ட்ராப்பும் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றுவது) வேண்டும், ஈர நீராவி சீட்டை அரித்துவிடும். ஸ்ட்ரெய்னரின் (வடிகட்டியின்) கூடை பக்கவாட்டில் இருக்கட்டும், கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்கும். 10 கிலோ 3 கிலோவாகும்போது நீராவியின் பருமன் இரண்டரை மடங்குக்கு மேல் பெருகுவதால், போகும் பக்கத்துக் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் சேஃப்டி வால்வு கட்டாயம். இறக்குசீராக்கி திறந்தபடியே சிக்கினாலும் வரும் நீராவி முழுவதையும் அது வெளியேற்ற வேண்டும்.

ஓட்டத் தொடங்கும்போது ஸ்பிரிங் திருகை முழுதும் தளர்த்தவும். குழாயில் நிற்கும் தண்ணீரை வடிக்கவும். வரும் பக்கத்து வால்வை மெதுவாகத் திறக்கவும், அவசரப்பட்டால் தண்ணீர் அடித்துக் குழாய் அதிரும். அப்புறம், நீராவி கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போகும் பக்கத்துக் கேஜைப் பார்த்தபடி திருகைச் சிறிது சிறிதாக முறுக்கவும்."

வாய்க்கு இடறவில்லை என்றே நினைக்கிறேன். இந்த வால்வும் துணைக் கருவிகளும் சேர்ந்த அமைப்புக்கு 'இறக்குசீராக்கி நிலையம்' என்பது மட்டும் கொஞ்சம் நீளம். பேச்சில் அது எப்படியும் 'இறக்கி' என்று சுருங்கும், சுருங்கட்டும்.

ஒரு மறுப்பு வரலாம்: மின்மாற்றியில் மின்னழுத்தம் இறங்கினால் மின்னோட்டம் ஏறும், இங்கே ஒரு மணியில் வரும் நீராவியின் எடையும் போகும் எடையும் ஒன்றுதானே? உண்மை. ஆனால் நாம் கடன் வாங்குவது 'இறக்கு' என்ற முன்சொல்லை மட்டும்தான்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஸ்பிரிங்கே நேரடியாக இயக்கும் வகையில், நீராவித் தேவை கூடக் கூட, போகும் பக்கத்து அழுத்தம் வைத்த அளவிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். 3 கிலோவுக்கு வைத்தாலும் முழு ஓட்டத்தில் 3 இருக்காது. பைலட் (பெரிய வால்வை இயக்கும் சின்ன வால்வு) வைத்த வகையில் இது மிகக் குறைவு. இந்த இறக்கத்துக்குத் 'தொய்வு' என்று போடலாமா? 'வீழ்ச்சி' வேண்டாம், அதைக் குழாய் உராய்வால் வரும் அழுத்த இழப்புக்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். கருவித் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.