போலீஸ் விசாரணைக்கு வக்கீலோடு போனால் சந்தேகம் வருமா? (லண்டன்)

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
சித்தி மகன் இங்கே படிக்க வந்தவன், ஒரு கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறான். கல்லாவில் பணம் குறைகிறது என்று முதலாளி புகார் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் 'வாலண்டரி இன்டர்வியூ'வுக்கு வா, கைதெல்லாம் இல்லை, சும்மா பேசத்தான் என்று போலீஸ் கூப்பிட்டிருக்கிறது. கூடத் தங்கியிருக்கும் பையன்கள், சொலிசிட்டரோடு போனாலே தப்பு செய்தவன் என்று நினைப்பார்கள், தனியாகப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வா என்கிறார்கள். ஃபீஸ் கொடுக்க அவனிடம் காசும் இல்லை. எடுக்கவில்லை என்கிறான், நான் நம்புகிறேன். என்ன செய்யலாம்?

ஸ்டேஷன் ரெப்:
தனியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். கிரிமினல் டிஃபென்ஸ் ஆபீஸ் ஒன்றிலிருந்து ஸ்டேஷனுக்குப் போய் வருவதுதான் என் வேலை. 'சும்மா பேச' என்று கூப்பிட்டாலும் உள்ளே போனதும் சட்ட எச்சரிக்கையைச் சொல்லி, பேச்சு முழுவதையும் பதிவு செய்வார்கள், அது அப்படியே கோர்ட்டுக்கு ஆதாரமாகப் போகலாம். காசைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸ் விசாரணைக்கு வக்கீல் உதவி இலவசம், வருமானம் எவ்வளவு என்று கேட்பதே இல்லை, வருமானக் கணக்கெல்லாம் வழக்கு கோர்ட்டுக்குப் போனால்தான் வரும். கிரிமினல் லீகல் எய்ட் (அரசுச் செலவில் சட்ட உதவி) ஒப்பந்தம் உள்ள வக்கீல் ஆபீஸாகப் பார்த்து இப்போதே போன் செய்யுங்கள். யாரையும் தெரியாவிட்டால் டியூட்டி சொலிசிட்டர் (முறை வைத்து ஸ்டேஷனுக்கு வரும் இலவச வக்கீல்) வேண்டும் என்று அந்த அதிகாரியிடமே சொல்லலாம்.

சொலிசிட்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பதோடு முடிகிற வேலை இல்லை இது. இன்டர்வியூவுக்கு முன்னால் அதிகாரியிடம் போய், என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள், கேமரா பதிவு இருக்கிறதா, எந்தெந்த நாளில் பணம் குறைந்தது, அதே கல்லாவில் வேறு யார் யார் நின்றார்கள் என்று கேட்பார். அவர்கள் எல்லாவற்றையும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் எதைக் காட்டவில்லை என்பதையும் குறித்து வைப்பார். அப்புறம்தான் பையனோடு தனி அறையில் பேசி, பதில் சொல்வதா, 'நோ கமெண்ட்' என்பதா, எழுதிக்கொண்டு போன வாக்குமூலத்தைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வதா என்று முடிவெடுப்பார்கள். வாயே திறக்காதே என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் ஆபத்துதான். இப்போது சொல்லியிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்லாமல் விட்டு, கோர்ட்டில் முதல்முறையாகச் சொன்னால், 1994-ஆம் ஆண்டு குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி அதை அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியும். ஆதாரம் என்னவென்று பார்க்காமல் யாராலும் இதற்கு யோசனை சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பாளர் அக்கா:
தம்பி, நான் பொலிஸ் நிலையங்களுக்குத் தமிழ் மொழிபெயர்க்கப் போகிறவள். பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கோ, அதுவும் இலவசம். நீங்கள் கூடப் போய் மொழிபெயர்க்க நிற்காதீங்கோ. இன்னொன்று, 'கோஷன்' (வழக்குப் போடாமல் எச்சரித்து அனுப்புவது) வாங்கினால் கோர்ட் இல்லை, இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டதும் எங்கள் பிள்ளைகள் உடனே தலையாட்டிவிடுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் அதைத் தருவார்கள். பதிவில் நிற்கும், அடுத்த விசா விண்ணப்பத்திலும் எழுத வேண்டிவரும். சொலிசிட்டரிடம் கேட்காமல் ஒன்றிலும் கையெழுத்து வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
ரொம்ப நன்றி அக்கா, இது தெரியாது. ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், பணத்தை எடுத்ததாக அவன் சொலிசிட்டரிடம் சொன்னால் அவர் போலீஸிடம் சொல்லிவிடுவாரா?

ஸ்டேஷன் ரெப்:
சொல்ல மாட்டார். அந்த அறையில் சட்ட ஆலோசனைக்காகப் பேசுவது ரகசியம், போலீஸும் கேட்க முடியாது, கோர்ட்டும் கேட்க முடியாது. ஆனால் எடுத்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வெளியே எடுக்கவில்லை என்று சொல்ல நினைத்தால் அந்தப் பொய்க்கு அவர் துணை நிற்க மாட்டார், விலகிக்கொள்வார். அவன் பொய் சொல்லாமல் இருந்தால், எடுத்தேன் என்று அவரிடம் சொல்லியிருந்தாலும் போலீஸின் ஆதாரம் போதுமா என்று கேட்டு வாதாட அவருக்கு உரிமை உண்டு, குற்றத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புடையது. அதனால் தயங்காமல் முழுவதும் சொல்லட்டும். வேலை நேர அட்டவணை, கடையிலிருந்து வந்த மெசேஜ் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

தேதி ஒத்துவரவில்லை என்றால் சொலிசிட்டரை வைத்தே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பேசாமல் போகாமல் இருந்துவிட்டால் கைது செய்யவும் வாய்ப்பு இருக்கிறது.